மலையகத்து அடுப்படிக்கு ஏற்ற சிங்க் எது?

புது வீடு கட்டும்போது சிங்க் பற்றிய பேச்சு கடைசியில்தான் வருகிறது. அத்திவாரம், சுவர், கூரை, கதவு, ஜன்னல் எல்லாம் முடிந்து, கையில் இருந்த காசும் கரைந்த பிறகு, "சிங்க் ஒன்னு வாங்கிட்டு வாங்க, நாளைக்குப் பூட்டணும்" என்பார் வீடு கட்டுகிற மேசன் பாஸ். அதற்குள் அவர் சமையல் மேடைக்குக் கொங்கிரீட் போட்டு, தனக்குச் சரியென்று பட்ட அளவில் ஓட்டையும் விட்டிருப்பார். அந்த ஓட்டைக்கு எது பொருந்துகிறதோ அதுதான் வீட்டுக்கு வருகிறது. வருடக்கணக்கில் மூன்று வேளையும் கை வைக்கப்போகிற பொருளை இப்படி வாங்கக் கூடாது. மேடை போடுவதற்கு முன்பே என்ன சிங்க் என்று முடிவு செய்து, முடிந்தால் வாங்கியும் வைத்துவிட வேண்டும்.

தோட்டத்து லயத்தை விட்டு ஒரு சில பேர்ச் காணியில் சொந்த வீட்டுக்குப் போகிற குடும்பங்களை நினைத்தே இதை எழுதுகிறேன். பீலியடியில் சட்டி பானை கழுவிப் பழகியவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே குழாயும் சிங்க்கும் வருவது பெரிய மாற்றம். அது முதல் தடவையே சரியாக அமைய வேண்டும். 550 சதுர அடி வீட்டில் அடுப்படிக்குக் கிடைக்கிற இடமும் கொஞ்சம்தான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மலையக வீடுகளுக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிங்க்கே சரி. தகடு 1 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும். ஒரே தொட்டி, 8 அங்குல ஆழம், பக்கத்தில் பாத்திரம் கவிழ்க்கத் தட்டு. விறகடுப்பும் எரிகிற வீடென்றால், கரிச்சட்டி கழுவ வெளியே ஒரு சீமெந்துத் தொட்டியும் கட்டிக்கொள்ளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். உங்கள் வீட்டு நிலைமை வேறாக இருந்தால் எங்கே மாற்ற வேண்டும் என்பதும் அதில் தெரியும்.

முதல் படி: சிங்க்குக்குள் என்னென்ன விழப்போகிறது என்று பாருங்கள்

கடைக்குப் போகும் முன் உங்கள் அடுப்படியை ஒருநாள் கவனியுங்கள். விறகடுப்பில் வைத்த அலுமினியச் சட்டியின் அடி கரிப்பிடித்துக் கறுத்திருக்கும். அதைச் சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டுத்தான் தேய்ப்போம். சாம்பல் எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுக்கும், ஆனால் அதில் மண்ணும் பொடிக்கல்லும் கலந்திருக்கும். பளபளப்பான எந்தப் பரப்பையும் அது கீறும். அதோடு தினமும் தேத்தண்ணிச் சாயம், மஞ்சள், புளி, கொரக்கா, தேசிக்காய்ச் சாறு. கருவாடு ஊறவைத்த உப்புத் தண்ணீர். திருவிழாவுக்கோ விசேஷத்துக்கோ சமைத்தால், இரண்டு பேர் பிடித்துத் தூக்குகிற பெரிய பானை.

எந்தப் பொருளை வாங்கினாலும் இத்தனையையும் அது தாங்குமா என்பதுதான் கேள்வி. வெளிநாட்டு வீடியோக்களில் அழகாகத் தெரியும் வெள்ளை சிங்க்குகள் பலவும் கரிச்சட்டி அடுப்படிக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

இரண்டாவது: குளிர்

தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் வருடச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். தை, மாசி விடியற்காலைகளில் புல்லில் உறைபனி விழும். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கமும் இரவில் போத்தலில் எண்ணெய் கட்டிப்பட்டு நிற்பதைப் பார்க்காதவர்கள் இல்லை. போத்தலில் நடப்பதுதான் சிங்க்கிலும் நடக்கிறது. பால்கறிச் சட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் கொழுப்பு சிங்க்கின் மேல் மெழுகு போலப் படிகிறது, மீதி குழாய்க்குள் போய் உறைகிறது.

அதனால் இங்கே எல்லோரும் கொதித்த தண்ணீரை ஊற்றித்தான் கழுவுகிறார்கள். குளிர்ந்து கிடக்கும் சிங்க்கில் திடீரென்று கொதிநீர் விழுவதைப் பீங்கான் நெடுநாள் பொறுக்காது. மேற்பூச்சில் மயிரிழை போல வெடிப்பு விடலாம். அந்த வெடிப்பில் சாயம் இறங்கினால் பிறகு போகாது. பிசின் கலந்து வார்த்த சிங்க்குக்கும் திடீர்ச் சூடு நல்லதல்ல. ஸ்டீலுக்கு இந்தக் கவலை கிடையாது. நான் ஸ்டீல் பக்கம் நிற்பதற்குப் பெரிய காரணம் இதுவே.

ஒரு எச்சரிக்கை: சிங்க் தாங்கினாலும் கீழே இருக்கிற பிவிசி குழாய் தாங்காது. 60 பாகைக்கு மேற்பட்ட சூடு அடிக்கடி பட்டால் அது இளகி வளையும். கேத்தல் தண்ணீரைக் குழாய்த் தண்ணீரோடு கலந்தே ஊற்றுங்கள். கொழுப்புச் சட்டியை முதலில் பழைய பத்திரிகைத் துண்டால் துடைத்து எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

மூன்றாவது: உங்கள் தண்ணீர்

சிங்க் பற்றிப் படித்தால் "உப்புத் தண்ணீர்ப் படிவு, வெள்ளைக் கறை" என்றே பாதிப் பக்கம் இருக்கும். மலையகத்து ஊற்றுத் தண்ணீரும் ஓடைத் தண்ணீரும் பெரும்பாலும் மென்னீர். சுண்ணாம்புப் படிவு அவ்வளவாக வராது. மாத்தளை, திகன போன்ற சுண்ணாம்புப் பாறை உள்ள பகுதிகளில் மட்டும் கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருக்கும். அங்கே கறுப்பு சிங்க் வாங்கினால் வெள்ளைக் கறை எடுத்துக் காட்டும்.

நமக்கு வருகிற தொல்லை வேறு. மழைக்காலத்தில் மேலே இருக்கிற தாங்கிக்குள் மண் இறங்கி, குழாயில் பழுப்புத் தண்ணீர் வரும். இரும்பு கலந்த ஊற்றென்றால் துருநிறக் கறையும் படியும். வெள்ளைப் பீங்கானில் அது உடனே தெரியும், ஸ்டீலில் துடைத்தால் போய்விடும். இன்னொன்றும் உண்டு: மென்னீர் பெரும்பாலும் சற்றே அமிலத்தன்மை உடையது, சீமெந்தில் இருக்கிற சுண்ணாம்பை அது மெல்ல மெல்லக் கரைக்கும். பழைய பீலியடிக் கட்டுகளில் மேற்பூச்சு போய் மணலும் கல்லும் சொரசொரவென்று வெளியே தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காவது: வீட்டுக்குப் போகும் பாதை

லொறி ரோட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்குக்குப் படிக்கட்டில் ஏற்ற வேண்டும், அல்லது பள்ளத்தில் இறக்க வேண்டும். ஒரு தொட்டியுள்ள ஸ்டீல் சிங்க்கை ஒருவர் ஒரு கையில் கொண்டுபோவார். கனமான பீங்கான் சிங்க் 40 கிலோவுக்கு மேலும் வரும், வார்ப்பிரும்பு அதையும் மிஞ்சும். படியில் ஒருமுறை இடறினால் சிங்க்கும் போச்சு, காலும் போச்சு. அந்தக் கனத்தைத் தாங்க மேடைக்குக் கீழே செங்கல் சுவரும் தனியாகக் கட்ட வேண்டும். தகரக் கதவு போட்ட அலுமினிய பேன்ட்ரி அலுமாரி அதைத் தாங்காது.

ஸ்டீல் வாங்குவதென்றால்

இனி ஸ்டீலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கடையில் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று விற்கும் எல்லாம் ஒன்றல்ல. இரும்போடு குரோமியம் சேர்ப்பதால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகி, துருவைத் தடுக்கிறது. 304 ரகத்தில் குரோமியம் ஏறக்குறைய 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கும். 18/8 என்று எழுதியிருப்பதும் இதுதான். 201 ரகத்தில் விலையைக் குறைக்க நிக்கலைப் பாதியளவுக்குக் குறைத்து, மங்கனீசு சேர்த்திருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் கருவாட்டுத் தண்ணீரும் உப்பும் இரவு முழுக்கக் கிடந்தால் 201இல் புள்ளி புள்ளியாகத் துரு முதலில் வரும். 430 ரகத்தில் நிக்கல் இல்லையென்றே சொல்லலாம். அது இன்னும் மலிவு.

காந்தத்தை ஒட்டிப் பார்த்தால் தெரியும் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் சரி. 430இல் காந்தம் நன்றாக ஒட்டும், ஆகவே அதைக் கண்டுபிடித்து ஒதுக்கலாம். 304, 201 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது, வளைத்த மூலைகளில் மட்டும் லேசாக இழுக்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக அது 304 என்று நம்பிவிடாதீர்கள். ஸ்டிக்கரையும் முழுதாக நம்ப வேண்டாம். தகட்டிலேயே 304 என்று அழுத்திப் பதித்திருக்கிறதா என்று தேடுங்கள். பிறகு, "முதலாளி, பில்லுல 304னு எழுதித் தாங்க" என்று கேளுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் யோசிக்காமல் எழுதித் தருவார். எழுதத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் ஹார்ட்வெயார் கடைக்குப் பஞ்சமில்லை. கண்டிக்குப் போகிற வேலை இருந்தால் அங்கே இன்னும் பல வகைகளை ஒன்றாக வைத்துப் பார்க்கலாம்.

அடுத்தது தடிப்பு. மலிவான சிங்க் 0.5, 0.6 மில்லிமீட்டர் தகட்டில் வரும். நடுவில் பெருவிரலால் அழுத்தினால் உள்ளே போய் 'டொக்' என்று திரும்பி வரும். பெரிய பானையை வைத்தால் அடி குழிந்து, தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் தேங்கும். 0.8 பரவாயில்லை. 1 மில்லிமீட்டர் நல்லது. 1.2 இருந்தால் பிள்ளைகள் காலம் வரை கிடக்கும். சில பெட்டிகளில் கேஜ் கணக்கில் போட்டிருப்பார்கள், எண் குறையக் குறையத் தடிப்பு கூடும்: 20 கேஜ் ஏறக்குறைய 0.9, 18 கேஜ் 1.2. எண்ணை நம்ப முடியாவிட்டால் தராசு இருக்கிறது. ஒரே அளவு, ஒரே வடிவமுள்ள இரண்டு சிங்க்கை நிறுத்துப் பாருங்கள். 0.6 தகட்டில் செய்தது 3 கிலோ வந்தால், 1 மில்லிமீட்டரில் செய்தது 5 கிலோ வர வேண்டும்.

அப்புறம் சிங்க்கைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். சாம்பல் நிறப் பூச்சோ ரப்பர்த் துண்டோ ஒட்டியிருக்க வேண்டும். தண்ணீர் விழும் சத்தத்தைக் குறைக்கத்தான் அது என்று சொல்வார்கள். மலையகத்தில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. சில்லென்ற தண்ணீர் ஓடும்போது, அடுப்படி ஆவி சிங்க்கின் அடியில் பட்டு வியர்த்துச் சொட்டும். கீழே மரத்தூள் பலகையில் செய்த அலுமாரி இருந்தால் சில மாதத்தில் ஊதிவிடும். பூச்சு தடிப்பாக இருந்தால் அந்த வியர்வை குறையும். அலுமாரிக்கும் அலுமினியமே போடுவது நல்லது. நம் பனிமூட்டத்தில் மரத்தூள் பலகை நிலைக்காது.

கண்ணாடி போல மின்னுவதை எடுக்காதீர்கள். கோடு கோடாகத் தேய்த்த மங்கலான மேற்பரப்பை எடுங்கள். சாம்பல் கீறல் அதில் தெரியாது.

விறகடுப்புக்காரர்களுக்கு ஒரு சீமெந்துத் தொட்டி

கேஸ் விலை ஏறிய காலத்தில் பழையபடி விறகுக்குத் திரும்பிய வீடுகள் எத்தனையோ. கேஸ் அடுப்பு இருந்தாலும் சோற்றுக்கும் குளிக்கிற சுடுதண்ணிக்கும் விறகே எரிகிறது. அந்தக் கரியை எல்லாம் உள்ளே இருக்கிற சிங்க்கில் தேய்த்தால் ஸ்டீலும் கெடும், குழாயும் அடைபடும். பின்கதவுக்கு வெளியே, கூரை நீட்டத்துக்குக் கீழே, செங்கல்லும் சீமெந்தும் கொண்டு ஒரு தொட்டி கட்டிவிடுங்கள். வீட்டு வேலைக்கு வந்த மணலிலும் சீமெந்திலும் மிஞ்சியதே போதும். இடுப்பளவு உயரத்தில் கட்டச் சொல்லுங்கள். நாள் முழுக்கக் கூடையைச் சுமந்து கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர் மறுபடியும் குந்தியிருந்து சட்டி தேய்க்கக் கூடாது.

உள்பக்கம் சீமெந்தை வழவழப்பாக இழைத்து, குறைந்தது 7 நாள் ஈரச் சாக்குப் போட்டு நனைத்து வையுங்கள். தொட்டியின் அடிப்பரப்புக்கு, ஒவ்வொரு அடி நீளத்துக்கும் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். புளி, தேசிக்காய், கொரக்கா எல்லாம் சீமெந்தை அரிக்கும் என்பதால் கறிச்சட்டியை அதில் ஊறவைக்க வேண்டாம். தரை ஓடு பதித்தால் அந்த அரிப்பு குறையும், ஆனால் ஓட்டு இடைவெளியில் இந்த ஈரக் காற்றுக்குக் கறுப்பு படரும். எப்பொக்சி கலவையால் இடைவெளி நிரப்பினால் எளிதில் படராது, செலவு கொஞ்சம் கூடும்.

வீட்டுக்குள்ளேயே சீமெந்துத் தொட்டி கட்டி, அதோடு முடித்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காசு மிகவும் முடையென்றால் தாராளமாக. கண்ணாடி கிளாசும் பீங்கான் கோப்பையும் அதில் பட்டு உடையும், அவ்வளவுதான். பிறகு கையில் காசு வரும்போது ஸ்டீல் வைக்கிற மாதிரி அளவை மட்டும் முன்கூட்டியே பார்த்துக் கட்டுங்கள்.

மற்றவை

பீங்கான்: அழகு, சாயக்கறை துடைத்தால் போகும், அமிலத்துக்கு அசையாது. பழைய துரை பங்களாக்களில் தடித்த வெள்ளைத் தொட்டிகள் இன்னும் கிடக்கின்றன. பழைய சாமான் விற்கும் இடத்தில் அப்படி ஒன்று கிடைத்தால், விரலால் பல இடங்களில் தட்டிப் பாருங்கள். மணிபோலச் சத்தம் வந்தால் வெடிப்பில்லை, மொத்தையாக வந்தால் விட்டுவிடுங்கள். அலுமினியச் சட்டி உரசிய இடத்தில் சாம்பல் நிறக் கோடு விழும். அது கீறலல்ல, அலுமினியம் ஒட்டியிருப்பது. அப்பச்சோடாவைக் குழைத்துத் தேய்த்தால் போகும்.

குவார்ட்ஸ் சிங்க்: 'கிரனைட் சிங்க்' என்று கடையில் சொல்வதும் பெரும்பாலும் இதுதான். குவார்ட்ஸ் துகள் 80 சதவீதம் வரை சேர்த்து, அக்ரிலிக் பிசினோடு வார்த்தது. சத்தம் வராது, கறுப்பும் கடும் சாம்பலும் பார்க்க நன்றாக இருக்கும். கேஸில் மட்டும் சமைக்கிற, நோகாமல் பாவிக்கிற வீட்டுக்கு இதை மறுக்க மாட்டேன். வெளிர் நிறத்தில் மட்டும் வாங்காதீர்கள், மஞ்சளும் தேத்தண்ணியும் தங்கிவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய தாச்சியை நேரே அதில் வைக்கவும் கூடாது.

எனாமல் பூசிய இரும்பு வேண்டாம். தோட்டத்தில் தேத்தண்ணி குடித்த எனாமல் பேணி எப்படி ஓரம் தெறித்து, அந்த இடத்தில் துருப்பிடித்துப் போகுமோ, அதே கதைதான் சிங்க்குக்கும். செம்பும் பித்தளையும் புளிபட்டால் நிறம் மாறிக்கொண்டே இருக்கும், அதைத் துலக்கவே ஒருவர் வேண்டும்.

அளவும் பொருத்துவதும்

சிங்க் வாங்கியாயிற்று என்றால் அதைப் பாஸின் கையில் கொடுத்து, அதை வைத்தே ஓட்டை அளவு எடுக்கச் சொல்லுங்கள். மேடை உயரத்தை அந்த வீட்டில் அதிகம் சமைப்பவரை நிறுத்தி அளந்து பாருங்கள். முழங்கையை மடக்கி நின்றால், முழங்கைக்கு 3 அல்லது 4 அங்குலம் கீழே சிங்க்கின் விளிம்பு வர வேண்டும். 10 அங்குல ஆழத் தொட்டி பெரிய பானைக்கு வசதிதான். ஆனால் அடியைத் தொட ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும், முதுகு கேட்காது. அதனால்தான் 8 என்கிறேன்.

ஓடு பதித்த மேடைக்கு மேலிருந்து உட்காரும் சிங்க்கே சரி. கீழிருந்து ஒட்டும் வகைக்குக் கல் மேடை வேண்டும். விளிம்பைச் சுற்றிப் பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கன் போட்டு, குளிருக்கு அது காய மெதுவாகும் என்பதால் 2 நாள் தண்ணீர் படாமல் விடுங்கள்.

சிங்க்கில் தண்ணீர் இறங்கும் ஓட்டை மூன்றரை அங்குலமாகவும் கூடை வடிகட்டி உள்ளதாகவும் இருந்தால் தேயிலைச் சக்கையும் சோற்றுப் பருக்கையும் அதிலேயே நின்றுவிடும். சக்கையை மரக்கறிப் பாத்திக்குப் போடுங்கள், குழாயில் கொழுப்போடு சேர்ந்தால் அது கட்டியாகிவிடும். கழிவுக் குழாய் 2 அங்குலம் போடுங்கள். அதன் வாயை வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டிலோ சரிவிலோ விட்டுவிடாமல், கட்டிய கானுக்குக் கொண்டு போய்ச் சேருங்கள். தினமும் ஒரே இடத்தில் ஊறுகிற தண்ணீர் சரிவின் மண்ணை இளக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிற மாவட்டங்களில் வாழ்கிற நாம் இந்த ஒரு குழாயில் அசட்டையாக இருக்க முடியாது.

பாவிக்கும்போது

ஸ்டீலில் வெள்ளைத்துணிக்குப் போடுகிற குளோரின் வெளுப்பான் ஊற்றாதீர்கள், மேற்படலத்தைத் துளைக்கும். இரும்புக் கம்பித் தும்பு வேண்டாம், அதன் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு துருப்பிடித்து, சிங்க்கே துருப்பிடித்ததுபோலக் காட்டும். தேங்காய்த் தும்பு போதும், சாம்பல் போடுவதென்றால் சலித்துப் போடுங்கள், கோட்டின் போக்கிலேயே தேயுங்கள். கருவாட்டுத் தண்ணீரை உடனே ஊற்றிக் கழுவிவிடுங்கள். இரவு படுக்கப் போகும் முன் ஒரு பழைய துணியால் ஈரத்தைத் துடைத்துவிட்டால் அதற்கு மேல் ஸ்டீல் எதுவும் கேட்பதில்லை.

பாஸ் கூலி வாங்கிக்கொண்டு போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஓட்டையை அடைத்து, தொட்டியை விளிம்பு வரை நிரப்பி, அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அடைப்பை எடுத்து முழுத் தண்ணீரும் ஒரே வேகத்தில் இறங்கும்போது, டோர்ச் அடித்து அடியில் உள்ள ஒவ்வொரு மூட்டையும் உலர்ந்த விரலால் தடவிப் பாருங்கள். விரல் நனைந்தால் அந்த மூட்டைக் கழற்றி வாஷரைச் சரியாக வைத்து, கையாலேயே இறுக்கச் சொல்லுங்கள். சாவி போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மரை வெடித்துவிடும்.